ஜார்ஜ் டி ஹெவெசி

நாடியைத் தொட்டுப் பார்த்து உடல்நலங் கூறுவது நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாய்ப் பயின்றுவந்த முறை. இருதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்கின்றது என்பதையும், அத்துடிப்பு ஒழுங்காய் உள்ளதா என்பதையும் நாடி நன்கு அறிவிக்கும். ஆயின், தன்னுள் நிறைந்த இரத்தத்தில் எவ்வளவு பங்கை ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளியே தள்ளுகின்றது என்னும் வினாவிற்கு விரல்நுனி விடை கூறாது. துடிப்பின் எண்ணிக்கை மாறாதிருக்க, தள்ளும் பங்கு மட்டும் பாதியாய்க் குறைந்துபோதலும் உண்டு. இப்பங்கை உடலைக் கீறாமல் அளந்தறியும் வழிகளுள் ஒன்று, இரத்தத்திலேயே கதிர்விடும் அணுக்களைச் சேர்த்து, மார்பின் எதிரே நிறுத்திய ஒரு காமிராவினால் அவற்றைக் காண்பதாகும். நம் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அணு மருத்துவத்திற்கெனத் தனித்துறை ஒன்று உண்டு.

அத்தகைய காமிராவின் கீழ்ப் படுத்து எழுவோருள் ஹெவெசி என்னும் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே இருப்பர். இரசாயன வகுப்பு மாணவர்கள் அவரை ஹாஃப்னியம் என்னும் தனிமத்தைக் கண்டவருள் ஒருவர் என்று அறிவர். அத் தனிமத்தைக் காட்டிலும் பெரியதொன்றை அவர் உலகிற்கு அளித்தார். அஃது அவர் முற்றிலும் தோற்றுப்போன ஒரு வேலையிலிருந்து பிறந்தது. அதனைக் கூறவே யாம் ஈண்டுப் புகுந்தோம்.

ஹங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெஸ்டில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் நாள் ஜார்ஜ் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த எண்மருள் அவர் ஐந்தாமவர். குடும்பம் செல்வமிக்கது, யூத வழியில் வந்து கத்தோலிக்க சமயத்தைத் தழுவியது. புடாபெஸ்டில் பியாரிஸ்டுத் துறவியர் நடத்திய பள்ளியிற் கல்வி முடித்தபின், பெர்லினிலும் பிறகு ஜெர்மனியின் தென்பாலுள்ள ஃப்ரைபுர்க் நகரிலும் பயின்று, 1908இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்துச் சில ஆண்டுகள் ஜூரிச், கார்ல்ஸ்ரூ என்று ஊர் ஊராய்ச் சென்று ஆசிரியர்களைத் தேடினார். ஓரிடத்தில் நிலைகொள்ளாத இவ்வியல்பு அவரை விட்டு என்றும் அகலவில்லை. சில வேளைகளில் அவர் தாமே விரும்பிச் சென்றார். வேறு சில வேளைகளில் உயிர் பிழைக்க ஓட நேர்ந்தது.

1911ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் நகரில் ரதர்போர்டு என்னும் பேரறிஞரை அடைந்தார். ரதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் அக்காலத்து ஒரு பெருங்குறை இருந்தது. ஆஸ்திரிய அரசாங்கத்தார் அன்போடு அளித்த ஈயப்பொருள் அங்கே பெருங்குவியலாய்க் கிடந்தது. யுரேனியத் தாதுவிலிருந்து ரேடியத்தைப் பிரித்தபின் எஞ்சியது அது. அதனுள் ரேடியம்-டி எனப் பெயரிய கதிர்வீசும் பொருள் ஒன்று மறைந்திருந்தது. அதனைத் தனியே எடுத்துவிட்டால் பல ஆராய்ச்சிகட்கு உதவும். ஈயமோ குறுக்கே நின்று அதன் கதிர்களை விழுங்கிற்று. ஒருநாள் ரதர்போர்டு இளைஞராகிய ஹெவெசியை அழைத்து, உண்ணும் உப்புக்குத் தக்கவராயின் அந்த ஈயத்திலிருந்து ரேடியம்-டியைப் பிரித்துத் தரவேண்டும் என்று பணித்தார்.

ஹெவெசி ஊக்கத்தோடு தொடங்கினார். கரைத்தார்; வடித்தார்; படியவிட்டார்; ஆவியாக்கினார்; மின்சாரம் செலுத்தினார். இரசாயன நூலில் இரு பொருள்களைப் பிரித்தற்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் முயன்றார். மாதங்கள் கழிந்து ஆண்டும் கழிந்தது. ஈயம் சென்ற இடமெல்லாம் ரேடியம்-டியும் உடன் சென்றது; ஈயம் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. அணுவளவும் பிரியவில்லை. இத்தகைய தோல்வி எத்துணை மனச்சோர்வு தருவது என்பதைச் செய்முறைத் தேர்வில் ஒரு பிற்பகல் முழுதும் ஓர் உப்போடு போராடியவர் ஓரளவு உணர்வர். தம் பேராசிரியர் இட்ட முதற்பணியிலேயே தோற்ற அயல்நாட்டு இளைஞர், அதுவும் உப்பின் பெயரால் இட்ட பணியில் தோற்றவர், ஊர் திரும்பியிருந்தாலும் அவரைக் குறை கூறுவார் எவருமிரார்.

அவர் ஊர் திரும்பவில்லை. அதே ஈயத்தை வேறொரு கண்கொண்டு நோக்கினார். இவ்விரண்டையும் எவ்வாற்றானும் பிரிக்க இயலாது என்பது மெய்யாயின், இரண்டும் ஒன்றே போல் நடக்கின்றன என்பதன்றோ அதன் பொருள்? அவற்றுள் ஒன்று மட்டும் கதிர்வீசித் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கின்றது. எனின், ஒரு துளி ரேடியம்-டியை வேண்டுமென்றே ஈயத்தோடு கலந்துவிட்டால், கண்ணுக்குப் புலனாகாத ஈயம் எங்குச் செல்கின்றது என்பதை அத்துளி காட்டிக்கொடுக்குமே!

இக்கருத்து நம்மூரார்க்கு எளிதில் விளங்கும். பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வழி நெடுகப் பெருங்கூட்டம் கிரிவலம் வருகின்றது. மேகம் நிலவை மறைத்தது, வீதி விளக்குகளும் அணைந்தன என்று வைத்துக்கொள்வோம். மலைமேல் நிற்பவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் ஆயிரவருள் ஒருவர் கையில் அகல்விளக்கு ஏந்திச் செல்வாராயின், அவ்விளக்குகள் நகர்வதைக் கொண்டே கூட்டம் எங்கு விரைகின்றது, எங்குத் தேங்குகின்றது, எங்குக் கலைகின்றது என்பதை அவன் அறிந்துகொள்வான். விளக்கேந்தியவரும் ஏந்தாதவரும் ஒரே நடை நடப்பவராதல் மட்டும் வேண்டும். ஹெவெசி கண்டது இதுவே. ரேடியம்-டி என்பது உண்மையில் ஈயத்தின் மற்றொரு வடிவம், அஃதாவது ஐசோடோப்பு, என்பது பின்னரே தெளிவாயிற்று. ஐசோடோப்பு என்னும் சொல்லையே சாடி என்னும் அறிஞர் 1913இல்தான் வழங்கினார்.

இவ்விடத்தில் ஒரு சிறுகதை சொல்லப்படுகின்றது. அதனை விட்டுச்செல்ல எமக்கு மனமில்லை. மான்செஸ்டரில் ஹெவெசி உணவுவிடுதி ஒன்றில் தங்கியிருந்தார். ஒரு நாள் இலையில் மிஞ்சிய இறைச்சி மறுநாள் வேறு பெயர் பூண்டு வருகின்றது என்பது அவர் ஐயம். விடுதி அம்மையார் அதனை அடியோடு மறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெவெசி தம் தட்டில் மிஞ்சிய உணவில் கதிர்வீசும் பொருளைச் சிறிது தூவிவிட்டார். சில நாட்கழித்து எலெக்ட்ராஸ்கோப்புக் கருவியோடு உணவருந்த வந்து, பரிமாறிய கலவைமேல் அதனைக் காட்ட, கருவி உண்மையை உரைத்துவிட்டது. மாணவர் விடுதியில் வாழும் நண்பர்கள் இதனைப் படித்து வேறு எண்ணம் கொள்ளவேண்டா. அம்மருந்து கடையிற் கிடைப்பதன்று. நகைப்புக்கு உரியதாயினும், உயிர் வாழ்வோரிடையே ஒரு பொருள் சென்ற தடத்தை அணுக்களால் பின்தொடர்ந்த முதல் நிகழ்ச்சி இதுவென்றே பலரும் கூறுவர்.

நிற்க. ஹெவெசி வியன்னா நகரம் சென்று, அங்கே ரேடிய ஆய்வுக்கூடத்தில் அதே ஈயத்தோடு போராடித் தோற்றிருந்த பானெத் என்பவரோடு கூடினார். தோற்ற இருவரும் சேர்ந்து, நீரில் மிக மிகச் சிறிதே கரையும் ஈய உப்புக்களின் கரைதிறனை 1913இல் இப்புதிய வழியால் அளந்து வெளியிட்டனர். அதற்குமுன் அத்துணைச் சிறிய அளவை எந்தத் தராசும் காட்டியதில்லை.

முதல் உலகப்போர் அவரைப் படைப்பணிக்கு இழுத்தது. போர் முடிந்தபின் ஹங்கேரியிற் கலகங்கள் மூண்டன. 1920இல் அவர் டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகனுக்குச் சென்று, மான்செஸ்டரில் நண்பராயிருந்த நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அங்கே டிர்க் காஸ்டர் என்பவருடன் எக்ஸ் கதிர்களின் துணையால் 72ஆம் தனிமத்தைச் சிர்கோனியத் தாதுக்களிற் கண்டு, கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரால் அதற்கு ஹாஃப்னியம் என்று பெயரிட்டார். இதனாற் பெரும்புகழ் வந்தது. பெயருரிமை பற்றிய பூசலும் உடன் வந்தது. அவை இங்கு வேண்டா.

அதே 1923இல் புகழின்றி நடந்த மற்றொரு சோதனையே எம்மை ஈர்ப்பது. அவரைச் செடிகளின் வேர்களை அவர் கதிர்வீசும் ஈயங் கலந்த நீரில் நிறுத்தினார். சில மணிநேரங் கழித்தும் சில நாட் கழித்தும் வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தனித்தனியே எரித்துச் சாம்பலாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஈயம் சென்றதென அளந்தார். பெரும்பகுதி வேரிலேயே தங்கக் கண்டார். உயிருள்ள ஒன்றின் உள்ளே பொருள்கள் நடக்கும் நடையை விஞ்ஞானம் இவ்வாறு முதன்முறை எட்டிப் பார்த்தது. ஈயம் நஞ்சாதலின் இவ்வழியில் நெடுந்தூரம் செல்ல இயலவில்லை. உடலுக்கு இயல்பான பொருள்களிற் கதிர்வீசும் வடிவம் அன்று கிடைத்திலது.

1926 முதல் ஃப்ரைபுர்க்கில் பேராசிரியராயிருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூத வழியினர்க்கு அந்நாட்டில் இடமில்லை என்றாயிற்று. 1934இல் ஹெவெசி மீண்டும் கோபன்ஹேகன் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தம் உடலையே சோதனைக்களமாக்கினார். கன நீர் சிறிது கலந்த நீரைப் பருகி, அது எத்தனை நாளில் வெளிப்படுகின்றதென அளந்து, உடலிற் புகுந்த நீரிற் பாதி வெளியேற ஏறக்குறைய ஒன்பது நாள் ஆகும் என்று கண்டார். காலையிற் குடித்த நீர் மாலைக்குள் போய்விட்டது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

அவ்வாண்டே பாரிஸ் நகரில் ஐரீன் கியூரி அம்மையாரும் அவர் கணவர் ஜோலியோவும் செயற்கையாய்க் கதிர்வீசும் பொருள்களை ஆக்கலாம் எனக் காட்டினர். ஹெவெசி நெடுநாட் காத்திருந்த கதவு திறந்தது. கந்தகத்தை நியூட்ரான்களால் தாக்கிக் கதிர்வீசும் பாஸ்பரஸைப் பெற்றார்; 1935இல் கீவிட்ஸ் என்னும் மருத்துவரோடு சேர்ந்து அதனை எலிகட்கு ஊட்டினார். எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த மதிற்சுவர் போன்றது என்றே அன்றுவரை எண்ணியிருந்தனர். பாஸ்பரஸோ எலும்பினுட் புகுவதும் எலும்பை விட்டு வெளியேறுவதுமாய் இருந்தது. நம் எலும்பின் கல்லெல்லாம் இடையறாது பெயர்ந்து புதுக்கல் ஏறுகின்றது என்பது தெளிவாயிற்று. போரின் ஐம்பதாம் பிறந்தநாளுக்கு டென்மார்க்கு மக்கள் நிதி திரட்டி வாங்கி அளித்த ரேடியமும் இவ்வாராய்ச்சிகட்கு உதவிற்று.

இருதயக் காமிராவிற்கு மிக அணுகிய சோதனை 1940இல் வெளிவந்தது. ஹான் என்பவரோடு ஹெவெசி இரத்தத்தின் செவ்வணுக்களிற் கதிர்வீசும் பாஸ்பரஸை ஏற்றி, அவ்வணுக்களை முயலின் உடலிற் செலுத்தினார். அவை உடலிலுள்ள இரத்தம் முழுதோடும் கலந்தபின் ஒரு துளி எடுத்து, குறியிட்ட அணுக்கள் எவ்வளவு நீர்த்துப்போயின என்று அளந்தார். அதனைக்கொண்டு உடலில் மொத்த இரத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டார். இரத்தத்தின் அளவை இரத்தத்தையே கேட்டறிந்தார் எனலாம். செவ்வணுவுக்குக் குறியிடுதல் என்னும் இச்செயல் நினைவிலிருக்கட்டும். பின்னர் இதற்கே மீள்வோம்.

அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுட் புகுந்தது. லாவே, ஃப்ராங்க் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இருவர் தம் நோபெல் பொற்பதக்கங்களைப் போரின் கூடத்திற் காப்பிற்கு வைத்திருந்தனர். ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியேற்றுவது அன்று கொடுங்குற்றம். பதக்கங்களிலோ பெயர் வெட்டியிருந்தது. அவை பகைவர் கைப்படின் லாவேயின் உயிருக்கே தீங்கு. மண்ணிற் புதைக்கலாம் என்றார் ஹெவெசி. தோண்டி எடுப்பர் என்று போர் அஞ்சினார். படைகள் வீதியிற் செல்லச்செல்ல, ஹெவெசி அப்பதக்கங்களை இராஜ திராவகத்தில் இட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார். பொன் எளிதிற் கரைவதன்று. வேலை மெல்லவே நடந்தது. கரைசல் நிறைந்த குடுவை மற்றக் குடுவைகளோடு அலமாரியில் நின்றது. கூடத்தைத் துழாவியவர் கண்ணில் அது படவில்லை. போர் முடிந்தபின் அப்பொன்னைத் திரும்பப் பிரித்தெடுத்து ஸ்வீடனுக்கு அனுப்ப, நோபெல் நிறுவனத்தார் பதக்கங்களை மறுபடியும் வார்த்து அளித்தனர். ஈயத்திலிருந்து பிரிக்க இயலாது தோற்றவர்க்கு, திராவகத்திலிருந்து பொன்னைப் பிரித்தல் தவறவில்லை. ஹெவெசியைப் பற்றிப் பேசுவோர் பலரும் இக்கதையையே முதலிற் கூறுகின்றனர். அவர் பெயர் வாழ்வதற்கு இது சிறு காரணமே என்பது எம் கருத்து.

1943இல் டென்மார்க்கு வாழ் யூத வழியினரைச் சிறைபிடிக்க ஏற்பாடாயிற்று. ஹெவெசி ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமுக்குத் தப்பினார். 1943ஆம் ஆண்டிற்குரிய இரசாயன நோபெல் பரிசு, ஓராண்டு தாழ்த்து 1944இல், அவர்க்கென அறிவிக்கப்பட்டது. ஹாஃப்னியத்திற்காக அன்று, ஐசோடோப்புக்களைத் தடங்காட்டிகளாய்ப் பயன்படுத்திய செயலுக்காக. ரதர்போர்டு இட்ட பணியில் அவர் தோற்று முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ரதர்போர்டு அதனைக் காண உயிரோடு இல்லை. அவர் 1937இலேயே மறைந்துவிட்டார். 1966 ஜூலை 5ஆம் நாள், எண்பதாம் வயதில், தாம் பட்டம் பெற்ற ஃப்ரைபுர்க் நகரிலேயே ஹெவெசி காலமானார். ஊர் ஊராய்த் திரிந்தவரின் எச்சம் 2001இல் பிறந்த ஊராகிய புடாபெஸ்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அவர் இட்ட விளக்கு இருதயத்தை அடைந்த வழியையும் கூறவேண்டும். மனிதர் இரத்த ஓட்டத்தில் இதனை முதன்முதல் ஆண்டவர் பாஸ்டன் நகர மருத்துவர் ப்ளம்கார்ட் ஆவார். 1920களில் அவர் ரேடியத்திலிருந்து பெற்ற பொருளை ஒரு கையில் ஏற்றி, அது மற்றொரு கைக்கு வந்துசேரும் நேரத்தை அளந்தார். நோயற்றவர்க்கு அது ஏறக்குறைய 18 விநாடி. விளக்கு ஏந்தியாயிற்று, மலைமேல் நின்று நோக்கும் கண்தான் வேண்டியிருந்தது. அக்கண்ணை, அஃதாவது காமா கதிர்களைப் படமாக்கும் காமிராவை, கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர் 1957இல் ஆக்கினார். ஈயத்தில் நுண்துளையிட்ட தகடு ஒன்று முன்னே நிற்கும். நேர்வரும் கதிர் மட்டும் அதனூடே சென்று பின்னுள்ள படிகத்திற்பட்டு மின்னும். ஹெவெசியை வருத்திய ஈயம் இங்கே நல்ல வேலை செய்கின்றது.

ஆயினும் ஒரு தடை. இருதயம் நில்லாது அசைவது; ஒரு துடிப்பில் வெளிவரும் கதிரோ மிகச் சொற்பம். ஒரே துடிப்பைப் படமெடுப்பின் படம் தெளியாது. பல துடிப்புக்களைச் சேர்த்தெடுப்பின் விரிந்ததும் சுருங்கியதும் கலந்து மங்கிவிடும். 1971இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இதற்கு வழிகண்டு வெளியிட்டனர். ஜாரெட், ஸ்ட்ராஸ், ஹர்லி, பிட் என்னும் பெயர்களுக்கிடையே நடராஜன் என்னும் பெயரும் அக்கட்டுரையில் நிற்பதைக் காண நமக்கு மகிழ்ச்சியே. கோயில் மணி அடித்துச் சரியாக ஐந்து நிமிடத்தில் மூன்றாம் பிராகாரத்தில் எத்தனைபேர் நிற்பர் என்று அறிய விரும்புவோன், ஒரே நாளிற் பார்த்து முடிவுகட்டான். நாள்தோறும் மணிக்குப்பின் அதே ஐந்தாம் நிமிடத்திற் பார்த்து அனைத்தையும் கூட்டுவான். இங்கு மணியாவது இருதயத்தின் மின்குறி. குறி எழுந்தவுடன் வரும் கதிர்கள் முதற்பெட்டியிலும், அடுத்த நொடிக்கூற்றில் வருவன அடுத்த பெட்டியிலும் சேரும். இக்காலத்து முறையில் ஒவ்வொரு துடிப்பையும் பதினாறு அல்லது அதற்கு மேற்பட்ட கூறாய் வகுத்து, நூற்றுக்கணக்கான துடிப்புக்களைக் கூட்டுவர். முடிவில் ஒரே ஒரு துடிப்பு திரையில் தெளிவாய் விரிந்து சுருங்குவது காணலாம்.

குறியிடப்படுவது பழைய செவ்வணுவே. முதலில் வெள்ளீய உப்பையும் சற்று நேரத்தில் டெக்னீஷியத்தையும் நரம்பில் ஏற்ற, வெள்ளீயம் செவ்வணுவினுள் நின்று டெக்னீஷியத்தைப் பற்றிக்கொள்கின்றது. அதன்பின் கணக்கு எளிது. இடது கீழறை நிறைந்தபோது 20,000 கதிர்களும், சுருங்கியபோது 8,000 கதிர்களும் அவ்விடத்தினின்று வந்தன எனின், வெளித்தள்ளிய பங்கு 12,000. அஃதாவது நூற்றுக்கு 60. அறையின் வடிவம் வட்டமோ நீளமோ என்ற ஆராய்ச்சியே வேண்டா. முயலின் இரத்தத்தை அளந்தபோது போலவே, எண்ணிக்கையே அளவாகின்றது. நூற்றுக்கு 50 முதல் 70 வரை இயல்பு.

இந்நாளில் பெரும்பாலோர்க்கு ஒலியலையால் இருதயத்தைக் காணும் எக்கோ சோதனையே முதலில் நடைபெறுகின்றது. அதிற் கதிருமில்லை, ஊசியுமில்லை. எனினும் ஓரிடத்தில் ஹெவெசியின் வழி நெடுநாளாய்க் கைகொடுத்து வருகின்றது. மார்பகப் புற்றுக்கும் வேறு சில புற்றுக்களுக்கும் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து, நோயைக் கொல்லும்போதே இருதயத் தசையையும் சிறிது சிறிதாய் நலிவிக்க வல்லது. ஏற்றிய மொத்த அளவு கூடக்கூட இத்தீங்கும் கூடும். நோயாளிக்கு முதலில் ஒன்றும் தெரியாது, நாடியும் சொல்லாது. ஆதலின் மருந்து தொடங்குமுன் ஒருமுறையும் இடையிடையேயும் அப்பங்கை அளப்பர். 62 இருந்தது 60 ஆயின் மருந்து தொடரும். 48 ஆயின், புற்றைக் காட்டிலும் இருதயத்திற்கு அஞ்சவேண்டிய வேளை வந்ததா என்று மருத்துவர் எண்ணிப் பார்ப்பர். ஒரு தாய்க்கு அடுத்த ஊசி போடுவதா, நிறுத்துவதா என்பது இவ்வெண்களில் தொங்கும். இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது அளப்பவன் கைத்திறனால் எண் மாறலாகாது. எண்ணிக்கையே அளவாதலின் இம்முறையில் அம்மாறுபாடு குறைவு.

டெக்னீஷியத்தின் வீரியம் ஆறுமணிக்கு ஒருமுறை பாதியாகும். காலை பத்து மணிக்கு ஊசி ஏற்று, மாலைப் பேருந்தில் திருவண்ணாமலைக்குத் திரும்புவோர் உடலில், மறுநாள் காலை பத்து மணிக்கு, முதலில் இருந்ததிற் பதினாறில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே அது எஞ்சியிருக்கும்.